இரண்டு பந்தியிலும் இலை

இந்த ஊர் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. என் மனைவி ராஜாமணிக்கு மட்டும் உண்டு. அவள் ஆதாரில் அருப்புக்கோட்டை முகவரி. தெலங்கானா முகவரி இருந்தால்தான் இலவசம். கண்டக்டரம்மா கார்டைப் பார்ப்பார், திருப்பிக் கொடுப்பார், காசுக்குக் கை நீட்டுவார். "நம்மூர் டவுன் பஸ்ல பொம்பளையா இருந்தாப் போதும். இங்க அது பத்தலை" என்பாள் ராஜாமணி. முகவரியை மாற்றாமல் விட்டது நான்தான். ஊரில் நம் பேருக்கு ஒரு காகிதமாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். மகள் படிப்பிலும் அப்படியே நினைத்தேன். வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். ஜீடிமெட்லாவில் மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலை. மகள் செல்வி ரெண்டாவது முடித்ததும் இங்கே வந்தோம். பத்தாவது வரை இங்கே அரசுப் பள்ளி. சாப்பாடு போட்டார்கள், புத்தகம், உடுப்பு கொடுத்தார்கள். குறை சொல்ல மாட்டேன். இல்லாதவர் வீட்டுப் பிள்ளை காலேஜ் போனால் ஃபீஸைச் சர்க்காரே கட்டும் என்றும் சொன்னார்கள். அப்போது ஊரிலிருந்து தங்கை போன் செய்தாள். "இங்க ப்ளஸ் ஒன்ல சைக்கிள் குடுக்காங்கண்ணே. பொம்பளப் பிள்ளைக காலேஜ் போனா மாசாமாசம் ஆயிரம் ரூவா. நம்ம பிள்ளை எதுக்கு விடணும்?"

ரெண்டு ஊரிலும் ஒரு கால் இருந்தால் எது நல்லதோ அதை எடுத்துக்கொள்ளலாம். கணக்கு சரியாகத்தான் பட்டது. செல்வியைத் தங்கை வீட்டில் விட்டேன். தமிழ்ப் பாடம் அவளைப் படாத பாடு படுத்தியது. ரெண்டு வருடம் அழாமல் இருந்து ப்ளஸ் டூ பாஸாகி வந்தாள்.

வீட்டோடு இருந்து படிக்கட்டும் என்று இங்கே காலேஜில் முதலில் கேட்டோம். கவுண்டரில் இருந்த மேடம் சான்றிதழ்களைப் புரட்டினார். "நான் லோக்கல்" என்றார்.

"லோக்கல்தான் மேடம். ஜீடிமெட்லா. இங்கேயிருந்து ஒரே பஸ்" என்றேன் எனக்குத் தெரிந்த தெலுங்கில்.

அவர் சிரித்துவிட்டார். "நுவ்வு லோக்கலே பாபு. பாப்ப காது." நீ உள்ளூர்தான், பிள்ளை இல்லை. அவர் முதலில் சொன்ன 'நான்' இங்கிலீஷாம், உள்ளூர் அல்ல என்று அர்த்தமாம்.

கடைசி நாலு வருடமும் இங்கே படித்திருக்க வேண்டுமாம். முழு ஃபீஸ் கட்டினால் சேரலாம் என்றார். அது என்னால் ஆகாது. வெளியே வந்து தங்கைக்குப் போன் போட்டேன். அவள் அந்த மாச ஆயிரத்தைப் பற்றி அங்கே விசாரித்துவிட்டுச் சாயங்காலம் கூப்பிட்டாள். "ஆறாப்புல இருந்தே இங்க படிச்சிருக்கணுமாம்ணே. எனக்குத் தெரியாமப் போச்சு." அவள் மேல் தப்பில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஆயிரம் இல்லாமல் செல்வியை அங்கே விட்டுப் படிக்க வைக்க எனக்கு வழியில்லை.

ராஜாமணி கத்தவில்லை. சோற்றை வைத்துவிட்டுச் சொன்னாள். "ரெண்டு பந்தியிலயும் இலை போட்டாரு உங்கப்பா. எந்தப் பந்தியிலயும் பரிமாறல."

செல்வி, "பர்வாலேதுப்பா. நெக்ஸ்ட் இயர் பாக்கலாம்" என்றாள்.

அடுத்த வருடமும் அவள் படித்த பள்ளிகள் மாறப்போவதில்லை. அவளுக்கும் அது தெரியும்.

எந்தச் சர்க்காரையும் நான் திட்டவில்லை. ரெண்டும் கொடுக்கிற சர்க்கார்தான். பிள்ளைகள் ஒரே இடத்தில் இருப்பார்கள் என்று நினைத்துக் கொடுக்கிறார்கள். எங்கள் கம்பெனி வாசலில் நின்று பார்த்தால் அப்படி ஒரு பிள்ளையும் தெரியாது.

போன மாதம் என் பேக்கிங்கிலேயே செல்வி சேர்ந்தாள். காண்ட்ராக்டர் பதினெட்டு முடிந்ததா என்று மட்டும் கேட்டார். எங்கே படித்தாய் என்று கேட்கவில்லை. முதல் வாரமே அரசு ஆஸ்பத்திரி சரக்கு. காலையில் வந்த அட்டையில் தமிழ் எழுத்து. ஒன்றை எடுத்து, 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று எழுத்துக் கூட்டி வாசித்தாள். மத்தியானம் தெலுங்கு அட்டை. அதைத் தடுமாறாமல் வாசித்தாள். உள்ளே இருப்பது ஒரே மிஷினில் அடித்த ஒரே மாத்திரை. ரெண்டு அட்டையும் ஒரு பெட்டியில் கலந்துவிடக் கூடாது என்பதுதான் எங்கள் வேலையில் முதல் பாடம். செல்வி கலக்காமல் அடுக்குகிறாள்.