தவறான பெயரோடு வந்தவர்

தையல் இயந்திரத்தைத் தவணைக்கு வாங்கியபோது, நிறுவனத்தின் முகவர் என் கணவருடைய பெயரையும் அவர் பணிபுரியும் தொழிற்சாலையையும் கேட்டார். கணவரின் பெயரை உச்சரிக்கும் வழக்கம் எனக்கில்லை.

"நம்ம திருவள்ளூர்ப் பெருமாள் பேருதான், கம்பெனி கும்மிடிப்பூண்டில" என்றேன். வெளியூர்க்காரரான அவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

சில வாரங்களுக்குப் பின், ஒரு நண்பகலில், முன்பின் அறியாத ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, கும்மிடிப்பூண்டி கம்பெனிலேர்ந்து வரேன். அண்ணன் மெஷின்ல கைய உட்டுக்கினாரு. ஆஸ்பத்திரி செலவுக்கு வளையலக் கழட்டிக் குடுங்க."

பதறிக் கழற்றத் தொடங்கினேன்.

"ரங்கநாதன் அண்ணன் உங்களயேதான் கேட்டுக்கினு கீறாரு."

என் கை நின்றது. நாவில் வராத பெயரை இங்கே எழுதிவிடுகிறேன்: திருவள்ளூர்ப் பெருமாளைப் போலவே என் கணவரும் வீரராகவன்.

"எந்த ரங்கநாதன்?" என்றேன். வந்தவர் மிதிவண்டியில் ஏறி மறைந்தார். மாலையில் கணவர் இரு கைகளும் நலமாகத் திரும்பினார்.

யார் அந்த ரங்கநாதன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். தவணை வாங்க வந்த முகவர், "ரங்கநாதன் சார் இல்லீங்களா?" என்றதும், அன்று அவர் எழுதிக்கொண்டது எந்தப் பெருமாளின் பெயர் என்று விளங்கியது.

"எங்க விவரத்த யாருகிட்டச் சொன்னீங்க?"

"ஆபீஸுக்கு வரவங்க போறவங்க எல்லாம் பாக்கறதுதானேம்மா. அதுல இன்னா கீது?"

இப்போது விவரம் கேட்கும் ஒவ்வொரு கடையிலும் வெவ்வேறு பெருமாளின் பெயரைச் சொல்கிறேன். எந்தக் கடையிலிருந்து விவரம் கசிந்தாலும், வருகிறவர் சொல்லும் பெயரை வைத்தே எனக்குத் தெரிந்துவிடும். கணவர்தான் வீடு திரும்பியதும், "இன்னிக்கு நான் எந்தப் பெருமாள்?" என்று கேட்டுவிட்டு உள்ளே வருகிறார்.