அருளுக்கு எதற்கு ஆட்டோ

நெரவி கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, நான் தவறாமல் செய்துவந்த பணி ஒன்றே ஒன்றுதான். காரைக்காலில் எங்கள் தெருக்கோடியிலுள்ள சிவன் கோயிலில், மாலைப் பூசையின்போது தீபாராதனைக்கு முன் நின்று ஒரு பதிகம் பாடுவேன். இதற்குச் சம்பளம் கிடையாது, ஒலிபெருக்கி உண்டு. சம்பளத்தைவிட ஒலிபெருக்கிதான் மனிதனை எளிதில் அடிமைகொள்ளும் என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான்.

பழைய அடியார்களின் பாடல்களைச் சிறுவயது முதல் ஓதிவருகிறவர்களுக்கு உள்ளூர ஓர் ஆசை இருக்கும். அருள் வரும்போது என்னென்ன நேரும் என்பதை அப்பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உடல் நடுங்கும், மயிர் சிலிர்க்கும், நாக் குழறும், கண்ணீர் பெருகும். வாழ்நாளெல்லாம் பாடியும் இவற்றுள் ஒன்றும் எனக்கு வாய்த்ததில்லை. மிஞ்சிப் போனால் கொட்டாவி வரும். கண்ணீர் வந்த நாள்களிலும் அதற்குக் காரணம் சாம்பிராணிப் புகையாக இருந்தது.

ஆகையால் சென்ற ஆண்டு மழைக்கால மாலை ஒன்றில், பதிகத்தின் நான்காம் பாடலை எடுத்தவுடன் உடல் நடுங்கியபோது எனக்கு முதலில் உண்டானது மகிழ்ச்சி. நா உலர்ந்து குழறியது. விரல்நுனிகள் மரத்துப்போயின. முதுகில் வியர்வை வழிந்தது. வந்துவிட்டது என்று நினைத்தேன். இத்தனை காலம் காத்திருந்தது, எல்லாரும் பார்க்க, ஒலிவாங்கியின் முன்னாலேயே வந்துவிட்டது. அடுத்த நொடி மூச்சு முட்டியது. நெஞ்சு, கூண்டை உடைப்பதுபோல் அடித்தது. வந்திருப்பவன் இறைவன் அல்லன், எருமை வாகனத்தான் என்று தோன்றவே, ஒலிவாங்கியை இறுகப் பற்றிக்கொண்டு, "ஆட்டோ கூப்பிடுங்க" என்றேன். அதையும் பதிகத்தின் பண் மாறாமல் சொன்னேன் என்பது என் மனைவி பின்னால் தந்த தகவல்.

கோயிலுக்கு எதிரிலேயே ஆட்டோ நிற்கும். ஓட்டுநர் ஒலிபெருக்கியில் தம் தொழில் அழைக்கப்பட்டதைக் கேட்டு, யாரும் கூப்பிடுமுன் வாசலுக்கு வந்துவிட்டார்.

மருத்துவமனையில் எல்லாச் சோதனைகளும் செய்து பார்த்துவிட்டு, இதயத்தில் குறையொன்றும் இல்லை, இது பதற்றத்தால் வந்தது, மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்றார் மருத்துவர். எனக்குச் சினம் வந்தது. வீட்டுக்கு வந்ததும், நிகழ்ந்தது அருளின் அறிகுறியே என்பதை மனைவிக்கு இலக்கியச் சான்றுகளோடு விளக்கினேன். அவள் கஞ்சி வடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, திரும்பிப் பாராமல் சொன்னாள்:

"அருள்னா எதுக்குங்க ஆட்டோ?"

இந்தக் கேள்விக்கு எந்த உரையாசிரியரும் விடை எழுதி வைக்கவில்லை.

அதன்பின் நிகழ்ந்தவை அவ்வளவு வேடிக்கையாக இல்லை. மறுநாள் கோயிலுக்குப் புறப்பட்டுச் செருப்பை மாட்டும்போதே நெஞ்சு அடித்தது. திரும்பி உள்ளே வந்தேன், அடிப்பு அடங்கியது. போகாமல் இருப்பதே மருந்து என்று நெஞ்சு கற்றுக்கொண்டது. பிறகு தண்ணீர்ப் புட்டியோடு போய், வாசலை ஒட்டிய தூணருகே நின்றுவிட்டு வந்தேன். பிறகு தூண் வரைக்கும் போவதும் நின்றது. கோயில் நிர்வாகி வீடு தேடி வந்து, ஐயா ஓய்வெடுக்க வேண்டும், பாட்டுக்குப் பென்டிரைவ் ஏற்பாடு செய்தாயிற்று என்று பரிவோடு சொன்னார். யாரோ வானொலியிலிருந்து பதிவுசெய்தது அது. பதிகம் முடிந்து மணி அடிக்கும் தறுவாயில், ஒரு பெண்குரல் கடலை எண்ணெயின் மேன்மைகளை எடுத்துரைக்கத் தொடங்கும். தீபாராதனை அந்த எண்ணெயின் மணத்தோடு நடந்தது. நான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பசி இல்லை. பாடல்கள் நினைவில் இருந்தன. பாடத்தான் வாய் வரவில்லை. இனி அந்தச் சந்நிதியில் நான் பாடப்போவதே இல்லை என்று முடிவுகட்டிவிட்டேன்.

என்னைக் கட்டிலிலிருந்து கிளப்பியவர், துபாயில் நெடுங்காலம் வணிகம் செய்துவிட்டு ஊர் திரும்பிய என் பழைய நண்பர். நான் அவரைப் பாய் என்பேன். அவர் என்னைப் புலவரே என்பார், பாதி மரியாதைக்கும் பாதி கேலிக்கும். அங்கே இருந்தபோது தமக்கு மின்தூக்கியில் ஏறவே முடியாமல் போனதையும், ஒவ்வொரு நாளும் மாடிப்படி ஏறியே கடைக்குப் போனதையும், காரைக்காலுக்கு வந்து ஓர் ஆலோசகரிடம் பேசிப் பேசி அது விலகியதையும் முதல்முறையாக அன்று சொன்னார்.

"உசுரே போயி மவுத்து வர்ற மாதிரி இருக்கும் புலவரே. வராது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் ஃபீஸ் குடுத்துட்டு வந்தேன். வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."

ஆலோசகர் கிளிஞ்சல்மேட்டைச் சேர்ந்த ஒரு பெண்மணி. வயதில் என் மகளைவிட இளையவர். இந்த முறைக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று தமிழில் பெயர் என்றார். சிகிச்சைக்கு முன் ஒற்று மிகுமா மிகாதா என்று நான் யோசித்ததில் முதல் நாளின் பாதி கழிந்தது. மீதிப் பாதியில், உங்களைப் பற்றி உங்கள் மனம் என்ன சொல்கிறது என்று கேட்டார். நான் கைகூப்பி, "கடையேன், நாயேன், ஒன்றுக்கும் பற்றாத சிறியேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எவ்வளவு காலமாக இப்படி நினைக்கிறீர்கள் என்று தணிந்த குரலில் கேட்டார். எட்டு வயதிலிருந்து என்றேன். வீட்டில் யாருக்காவது தெரியுமா என்றார். ஊருக்கே தெரியும், ஒலிபெருக்கியில் சொல்வேன் என்றேன். அவர் எதையோ எழுதப்போனவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். அதன்பின்தான், இது நோயன்று, மரபு என்பதை விளக்கினேன். அடியவன் ஆண்டவன்முன் தன்னைத் தாழ்த்திக்கொள்வது பாட்டின் அணி. எவ்வளவு தாழ்கிறானோ அவ்வளவு உரிமையோடு அடுத்த அடியில் வரம் கேட்பான்.

அவர் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"சரிங்க ஐயா. சாமிகிட்ட சொல்றப்ப அது பாட்டு. சுவத்தப் பாத்துப் படுத்திருக்கீங்கல்ல, அப்ப அதே வார்த்தைய யார்கிட்ட சொல்றீங்க?"

இலக்கணத்தில் எட்டாவது வேற்றுமையை விளி என்பார்கள்; ஒருவரை அழைப்பது அது. பாட்டில் வரும் கடையேனுக்குப் பக்கத்திலேயே 'ஐயனே' என்றோ 'அப்பனே' என்றோ ஒரு விளி நிற்கும். அதைப் பற்றிக்கொண்டு அந்தச் சொல் மேலே ஏறும். சில வாரங்களாக நான் கட்டிலில் முணுமுணுத்த கடையேனுக்கு விளி இல்லை. கேட்பதற்கு யாருமின்றி, அது என்மேலேயே விழுந்துகொண்டிருந்தது. அறுபதாண்டுக் கல்வியில் எனக்குப் புலப்படாத இலக்கணம் இது.

அடுத்தடுத்த அமர்வுகளில், நெஞ்சு அடிக்கிறது, அதைக் கண்டு சாவு என்று எண்ணுகிறேன், எண்ணியதால் அஞ்சுகிறேன், அஞ்சுவதால் நெஞ்சு இன்னும் அடிக்கிறது என்று வட்டமாக வரைந்து காட்டினார். இது அந்தாதி அல்லவா என்றேன். ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதற்சொல்லாகி, இறுதியில் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அவருக்கு அந்த உவமை பிடித்துப்போயிற்று. ஒரு கண்ணியை மாற்றினாலே அந்தாதி அறுந்துபோகும் என்றார். செய்யுளில் அது குற்றம், இங்கே அதுதான் குணம்.

எந்தக் கண்ணியை மாற்றுவது என்பதற்கு, என்னைத் தம் அறை இருந்த கட்டடத்தின் மாடிப்படியில் விரைவாக ஏறி இறங்கச் சொன்னார். நெஞ்சு அடித்தது, வியர்த்தது, நா உலர்ந்தது. அன்று கோயிலில் நேர்ந்ததும் இதுதானா என்றார். ஏறக்குறைய இதுதான். செத்துப்போவீர்கள் என்று தோன்றுகிறதா? இல்லை, உட்கார வேண்டும்போலத் தோன்றுகிறது என்றேன். அருளும் எமனும் சேர்ந்து செய்ததாக நான் நம்பியிருந்ததை ஒரு மாடிப்படி தனியே செய்துமுடித்ததில் எனக்குச் சிறிது ஏமாற்றம்தான். சிலருக்கு மாத்திரையும் சேர வேண்டியிருக்கும் என்றார். எனக்கு அது தேவைப்படவில்லை. மாலையில் படுக்காமல் பாயோடு அரசலாற்றங்கரையில் நடக்க வேண்டும், கோயிலில் முதலில் தூண்வரை, பிறகு மண்டபம்வரை போக வேண்டும், தண்ணீர்ப் புட்டி வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று படிப்படியாகக் கொண்டுவந்தார். நெஞ்சு அடித்தால் அடங்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும் என்பது விதி. நின்றேன். அடங்கியது. ஒவ்வொரு முறையும் அடங்கியது என்பதுதான் எனக்கு வியப்பு.

கடைசிச் சோதனைதான் கடினம். மறுபடி பாடும்போது, நடுவில் வேண்டுமென்றே தவறு செய்யுங்கள், என்ன ஆகிறது பார்ப்போம் என்றார். பதிகத்தில் பிழை விடுவதா? அதற்கு நான் இன்னொரு முறை ஆட்டோவில் போகத் தயார் என்றேன். நெடிய பேச்சுக்குப் பின் உடன்பாடு ஏற்பட்டது. பிழை வேண்டாம்; நான்காம் பாடலில் பாதியில் நிறுத்திவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டார். ஊர் சிரிக்கும், நிர்வாகி பென்டிரைவைச் செருகுவார் என்றேன்.

ஒரு பிரதோஷ நாளில் பாடினேன். நான்காம் பாடலின் இரண்டாம் அடியில் நிறுத்தினேன். மண்டபம் அமைதியானது. நெஞ்சு அடித்தது. யாரும் சிரிக்கவில்லை. பார்த்தால், முன்வரிசையில் ஒரு மூதாட்டி முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார். நிர்வாகி கைகூப்பித் தலைக்குமேல் உயர்த்திவிட்டார். பின்னாலிருந்து ஒரு குரல், "ஐயாவுக்கு அருள் வந்துட்டுது" என்றது. நான் மறுக்க வாயெடுத்தேன். மனைவி இமையை ஒருமுறை தாழ்த்தினாள், பேசாமல் பாடும்படி.

மூன்றாம் அடியை எடுத்தேன். அப்போதுதான், நான் வரவழைக்காமலே, அந்த நடுக்கம் வந்தது. நா குழறியது; கண் நிறைந்தது. அருளோ பதற்றமோ, எது என்று தெரியவில்லை. நடுக்கம் எதனால் வந்தாலும் பாட்டை விட்டுவிடாதீர்கள் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். 'ஐயனே' என்று விளித்துப் பாடி முடித்தேன். மணி அடித்தது. கடலை எண்ணெய் வரவில்லை.

வெளியே வந்தால், அந்த ஓட்டுநர் வண்டியை வாசலிலேயே திருப்பி நிறுத்தி வைத்திருக்கிறார். நான் பாடுகிறேன் என்று கேள்விப்பட்டு முன்னேற்பாடாக வந்ததாகச் சொன்னார். தேவையில்லை, நடந்தே போகிறேன் என்று சற்றுப் பெருமிதத்தோடு கைகாட்டினேன். மனைவி அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க நடங்க. இம்மா நேரம் நின்னதுல எனக்கு முழங்காலு வலிக்குது."

அருள் வந்ததாக ஊர் நம்பிய அன்றும் ஆட்டோவில்தான் வீடு திரும்பினோம்.