பச்சை அணையாத கணக்கு வகுப்பு

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் கணக்கு டீச்சர் பெஞ்சுக்குப் பெஞ்சு விளக்கு வைத்தார். அவர் வீட்டுக்காரர் பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே தையல் லைனில் வேலை தடைப்பட்டால் சிவப்பு எரியும். மெக்கானிக் ஓடி வருவார். டீச்சர் அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுவந்தார். நாலு பேர் ஒரு குழு. எல்லோருக்கும் புரிந்தால் பச்சை. ஒருத்திக்குப் புரியாவிட்டாலும் சிவப்பு; உடனே டீச்சர் வந்து நிற்பார். நல்ல ஏற்பாடுதான். பச்சை அதிகம் எரிந்த குழுவைப் போர்டில் எழுத ஆரம்பித்தாரே, அதில்தான் கெட்டது.

எங்கள் வீடுகளில் எல்லோரும் கம்பெனிக்குப் போகிறவர்கள். லைன் நிற்காமல் ஓட என்ன செய்வதென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கணக்கைத் துண்டு போட்டுக்கொண்டோம். ஒருத்தி சமன்பாடு எழுதுவாள், அடுத்தவள் பெருக்குவாள், இன்னொருத்தி வகுப்பாள். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்குமாம். விடையை எழுதிக் கோடு போடுவது என் வேலை. ஒரு நாள் சிவப்பை அழுத்தப் போனேன். "லைன நிறுத்தாத புள்ள" என்று கையைத் தட்டிவிட்டார்கள்.

பெயிலானால் கம்பெனிதான் என்று அப்பா முன்பே சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிற ஆள். முழுப்பரீட்சையில் தனியாக உட்கார்ந்து, கேள்வி எண்களை மட்டும் அழகாக எழுதிவிட்டு விழித்தேன். பெயில்.

டீச்சர் வீடு தேடி வந்தார். "இவ குரூப்புல செவப்பே எரியலீங்க. எல்லாம் புரியுதுன்னுதானுங்க நெனச்சேன். ஜூன்ல மறுபடி எழுத வெக்கறேனுங்க. அதுவரைக்கும் டைம் குடுங்க" என்றார்.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்து ஆள். யாரிடமும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். "வெளக்கப் பாத்தீக. இவ மூஞ்சியப் பாத்தீகளா?"

எனக்கு டீச்சரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்பா கேட்டது சரி என்றும் பட்டது.

அப்பா ஜூன் வரை பொறுத்தார். நானும் தேறிவிட்டேன். ஆனால் எனக்கு நன்றாக நினைவில் இருப்பது, டீச்சர் சொல்லிக்கொடுக்க வந்த முதல் சாயங்காலம்தான். தரையில் என் எதிரே உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார்.

"புரியுதா கண்ணு?"

பழக்கதோஷம், தலையாட்டினேன். அவர் பென்சிலை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமே புரியல டீச்சர்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆகியிருந்தது.