இந்தக் கோலத்தில் படம் கெட்டுப்போகும்

நம்பாவிட்டால் போகட்டும். பார்த்தது நான். செய்ததும் நான்தான். அதனால்தான் இத்தனை நாளும் வெளியே சொல்லவில்லை.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பிள்ளைகளைப் பழைய டச்சு ஓவியங்களில் வரும் பணக்காரக் குழந்தைகள் போல உடுத்திப் படம் எடுப்பேன். லேஸ் கழுத்துப்பட்டி, மார்பில் குறுக்கே தங்கச் சங்கிலி, பக்கத்தில் பழத்தட்டு, கையில் பவளம் வைத்த வெள்ளிக் கிலுகிலுப்பை. அந்தக் காலத்தில் வீட்டுச் செல்வத்தைப் பிள்ளை மேல்தான் காட்டுவார்களாம். என்னிடம் உள்ளதெல்லாம் போலி. கிலுகிலுப்பை மணிகள் பிளாஸ்டிக். சத்தமே வராது.

போன டிசம்பர், ஒரு சனிக்கிழமை. மன்னார்க்காரரான யாக்கோப்புவும் மனைவி மேரிசாந்தியும் ஒரு வயது மகனோடு வந்தார்கள். ஊருக்கு அனுப்பப் பெரிய படம் வேண்டுமாம்.

மாலை 4.10. திரையோரம் ஒரு சிறுமி நின்றாள். ஏழு வயதிருக்கும். நைந்த மஞ்சள் ஸ்வெட்டர். காலில் செருப்பில்லை. மூத்த பிள்ளை என்று நினைத்தேன். இவளையும் ஒழுங்காக உடுத்திக் கூட்டிவந்தால் என்ன என்று எரிச்சல் வந்தது.

கையைக் காட்டி விலகச் சொன்னேன். விலகவில்லை.

4.17. தம்பியின் தோளருகே வந்துவிட்டாள். ஸ்வெட்டர் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே மழை இல்லை...

பெற்றோர் காதில் விழாதபடி குனிந்து சொன்னேன்.

“தள்ளிப் போ. இந்தக் கோலத்தில நிண்டா படம் கெட்டுப்போகும்.”

அவள் தன் ஸ்வெட்டரைக் குனிந்து பார்த்தாள்.

கிணிங்...

குழந்தையின் கையில் கிலுகிலுப்பை.

கிணிங்... கிணிங்...

நிமிர்ந்தேன். அவள் இல்லை.

கதவு திறக்கவே இல்லை.

திரைக்குப் பின்னால் போயிருப்பாள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் உருவம் விழுந்திருந்த பதினொரு படங்களையும் அன்றைக்கே கமெரா கார்டிலிருந்து அழித்தேன்.

வியாழக்கிழமை படம் வாங்க மேரிசாந்தி தனியாக வந்தார். மகளுக்கு என்மேல் கோபமா என்று கேட்டேன். தங்களுக்கு ஒரே பிள்ளைதான் என்றார். மஞ்சள் ஸ்வெட்டரைச் சொன்னேன். அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

மூன்று வருடத்துக்கு முன், இங்கே வரும் வழியில் படகு கவிழ்ந்ததாம். மூத்தவள் கடலோடு போய்விட்டாள். போன்களும் போயின. அவளுடைய ஒரு படம்கூட அவர்களிடம் இல்லை.

“றொனால்ட் அண்ணை... அவள் விழுந்த படம் ஒண்டு தாங்கோ. ஒண்டு போதும்.”

அழித்ததை மீட்கவும் வழியில்லை; அந்தக் கார்டில் அதற்குள் ஒரு கல்யாணத்தின் படங்களே ஏறியிருந்தன.

கமெராவில் ஒன்றும் விழவில்லை தங்கச்சி என்று பொய் சொன்னேன்.