சுண்ணாம்புக்கு அடியில்

என் மேசை இழுப்பறையில் ஒரு காவிக்கட்டி கிடக்கிறது. கட்டைவிரல் அளவுதான், சுவரில் எழுதி எழுதி ஒரு பக்கம் மழுங்கிப்போனது. ஜலகண்டாபுரம் பக்கத்து நர்சம்மா ஒருவர் கொடுத்தது. அன்பாகக் கொடுத்தார் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அப்படிக் கொடுக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். சுகாதாரத் திட்டங்கள் உண்மையிலேயே ஊருக்குள் போய்ச் சேர்கின்றனவா என்று மதிப்பிடப் பழகுவதற்காக, படிப்பு முடித்த சிலருக்கு ஓராண்டு உதவித்தொகை கொடுத்தார்கள். எங்கள் வட்டாரத்துக்கு நானும் இன்னொரு பெண்ணும். ஒரே அறை, ஒரே ஸ்டவ். என் ஜுரத்துக்கு அவள் கஞ்சி வைப்பாள், அவள் புடவையை நான் உடுத்திப் போவேன். இரண்டாம் ஆண்டும் உதவித்தொகை தொடர்வது எங்களில் ஒருவருக்குத்தான் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவளை அவ்வளவு நம்பினேன்.

குழந்தைக்கு முத்தடுப்பு ஊசி போட்டதும் நர்சம்மா அந்த வீட்டுச் சுவரில் காவியால் தேதி எழுதிவிட்டு வர வேண்டும். அந்தக் குறி கண்ணில் பட்டால்தான் வீட்டுக்குப் போனதாகச் சேர்த்தி என்றது எங்கள் படிவம். அதைத் தயாரித்த புண்ணியவான் எந்த ஊர்க்காரரோ. அந்த நர்சம்மாவின் ஊரில் நாங்கள் போய் நின்றது தை மாதம். பண்டிகைக்காகக் கூரை இறவாரத்தில் செருகிய காப்புக்கட்டுப் பூளைப்பூ இன்னும் உதிரவில்லை. சுவரெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. "பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிச்சுப் போட்டாங்க அம்மிணி" என்று நர்சம்மா சிரித்தார். சிரித்தாரே தவிர, முகத்தில் பயம் தெரிந்தது. அவர் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை; எங்கள் அறிக்கையை வைத்துத்தான் முடிவு.

வீடு வீடாகத் தாய்மார்களைக் கேட்டோம். தறிக்குழியில் உட்கார்ந்தபடியே ஒருத்தி, "வந்தாங்களே. ஊசி போட்டு ரெண்டு நாளு புள்ளைக்குக் காச்சலுங்க, நானு தறியில கையே வெக்கல" என்றாள். படிவத்தின் ஓரத்தில் கோடு கிழித்து அதையெல்லாம் எழுதினேன். நர்சம்மா எட்டிப் பார்த்தார். "எழுதிப்போட்டீங்களா? அப்பச் சரி" என்று அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அறிக்கை எழுதி முடித்த வாரம் அண்ணன் கல்யாணத்துக்காக நான் எடப்பாடி போக வேண்டியிருந்தது. தட்டச்சு ஆகிவர நாளாகும், கடைசித் தாளில் மட்டும் இப்போதே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்றாள் அறைத்தோழி. போட்டேன். திரும்பி வந்தபோது அறிக்கை மேலிடம் போய்விட்டிருந்தது. நகலைப் பார்த்தேன்; தாய்மார்கள் சொன்னதில் ஒரு வரிகூட அதில் இல்லை. சுவரில் குறி இல்லை, ஆகவே நர்ஸ் போகவில்லை என்று முடித்திருந்தாள். கேட்டதற்கு, படிவத்தில் இல்லாததை எழுதினால் குழப்பம்தானே என்றாள், அரிசி களைந்துகொண்டே. இரண்டாம் ஆண்டு அவளுக்குக் கிடைத்தது. நர்சம்மாவுக்கு வேலை போனது.

ஒரு நாள் நர்சம்மா அறிக்கையின் நகலோடு அறைக்கு வந்தார். அறைத்தோழியும் அங்கேதான் இருந்தாள். கடைசித் தாளைத் திருப்பி என்னிடம் காட்டி, "இது உங்க கையெழுத்துங்களா அம்மிணி?" என்றார். ஆமாங்க என்றேன். அதற்கு மேல் சொல்ல எவ்வளவோ இருந்தது. எதைச் சொன்னாலும் சாக்குப்போக்காகத்தான் இருந்திருக்கும். பையிலிருந்து காவிக்கட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு இனி எதுக்குங்க."

மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. இரண்டாவது கடிதம் எழுதவில்லை. என் பயிற்சி முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது.

இப்போது அதே மாதிரி உதவித்தொகைக்கு ஆள் எடுக்கும் குழுவில் என்னையும் உட்கார வைக்கிறார்கள். அறைத்தோழியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவள் செய்தது துரோகம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் ஒன்று நினைவுக்கு வருகிறது. அன்று நர்சம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. காவிக்கட்டியை என்னிடம்தான் கொடுத்தார்.