காகிதக்காவின் மூன்றாம் பக்கம்

ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் அவளுக்குக் ‘காகிதக்கா’ என்று பெயர். இருபத்தாறு வருஷ டெக்னீஷியன். காலையில் வந்ததும், ரத்தம் ஏற்றுவதில் சிக்கல் உள்ள நோயாளிகளின் பட்டியலைக் கம்ப்யூட்டரிலிருந்து அச்செடுத்து ஃபைலில் வைப்பாள். கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் கையால் எழுதப் படிவங்களும் லேபிள்களும் பக்கத்திலேயே இருக்கும்.

“மழையே இல்ல, குடை பிடிக்கறீங்களேக்கா” என்பார்கள் கூட வேலை பார்ப்பவர்கள். கேலிதான். ஆனால் புருஷன் போய் ஏழு வருஷமான வீட்டில் கேலி செய்யக்கூட ஆளில்லை. வெளிநாட்டிலிருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். சில ஞாயிறு மறந்தும் போவாள்.

ஒரு புதன்கிழமை முற்பகல் எல்லாத் திரைகளும் ஒன்றாக அணைந்தன. பத்தே நிமிஷத்தில் பிரசவ வார்டிலிருந்து போன். “ரத்தம் நிக்கல. ரெண்டு பை உடனே வேணும்.”

“ரத்த மாதிரிய அனுப்புங்க. பேரும் நம்பரும் கையால எழுதி, ரெண்டு பேர் சரிபாத்துக்குங்க” என்றாள் காகிதக்கா.

வந்த மாதிரியோடு செய்த பொருத்தச் சோதனையில் ஒரு குறையும் இல்லை. கூட வேலை பார்ப்பவள் பையை எடுத்துவிட்டாள்.

“இரும்மா” என்று காகிதக்கா ஃபைலைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்தில் அந்தப் பெண்ணின் எண் இருந்தது. எப்போதோ ஏற்றிய ரத்தத்தால் அவள் உடம்பில் உண்டான எதிர்ப்புப் பொருள், சோதனைக்குச் சிக்காத அளவு தேய்ந்திருந்தது. அதற்குப் பொருந்தாத ரத்தம் போனால் மறுபடி தலைதூக்கும். உயிருக்கே உலை வைக்கும்.

“அந்தப் பை வேண்டாம்” என்றாள். பொருந்துகிற இரண்டைத் தேடி எடுத்து, லேபிள் எழுதி, இருவரும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்து அனுப்பினார்கள்.

மூன்று மணிக்குச் சேதி வந்தது: தாய் பிழைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரும் உயிர்பெற்றது. மற்றவர்கள் டீ குடிக்கப் போக, காகிதக்கா காகிதத்தில் இருந்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மகளுக்கு போன் செய்தாள். எடுக்கவில்லை. செய்தி வந்தது: “மீட்டிங்மா. முக்கியமா?”

“ஒண்ணுமில்லடா” என்று அனுப்பினாள்.

அடுத்த வாரம், கம்ப்யூட்டர் நின்றால் என்ன செய்வது என்ற திட்டத்தை அவளையே எழுதச் சொன்னார் பெரிய டாக்டர். கடைசிப் பக்கத்தில் ஊழியர் விவரம். ‘அவசரத்துக்கு அழைக்க வேண்டிய வீட்டு ஆள்’ என்றொரு கட்டம். எல்லாருக்கும் நிரப்பியவள் தன் வரிசையில் நின்றுவிட்டாள். இத்தனை தூரத்திலிருந்து மகள் எப்போது வந்து சேர?

பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள் அன்றைக்குப் பையை எடுத்தவள். “என் நம்பரப் போடுங்கக்கா.”

“உனக்கெதுக்கும்மா வீண் தொந்தரவு?”

“போடுங்க.”

என்றைக்கும் எண் தப்பாதவளுக்கு, அதை எழுதும்போது ஓர் இலக்கம் தப்பிப்போனது. அடித்துத் திருத்தினாள்.