செவ்வாய்க்கிழமைப் பூ

சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னதால் போன வாரம் ஷூ வாங்கப் போனேன். ஆயுசு முழுக்கச் செருப்போடு ஓட்டிவிட்ட ஆள், காலை நீட்டி உட்கார்ந்து கயிறு கட்டத் தெரியாமல் முழித்ததைக் கடைக்காரப் பெண் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திறந்தபோது புது ரப்பர் வாசனை வந்தது. கூடவே ஷூவுக்குள்ளிருந்து ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் விழுந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும்; ஈரத்தை உறிஞ்சுவதற்காக உள்ளே மணிமணியாகப் போட்டு, சாப்பிடக் கூடாது என்று எழுதியிருப்பார்களே, அது. அவள் அதைக் குப்பைக் கூடையில் போடப் போனாள். "அத இங்க குடும்மா" என்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ராஜபாளையத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

ராஜபாளையத்தில் நாங்கள் ஒரு செருப்புக்கடைக்கு மேலே குடியிருந்தோம். கடை சிக்கந்தர் அண்ணனுடையது. மாடிப்படி கடையை ஒட்டியே ஏறும் என்பதால் ரப்பரும் தோலும் பசையும் கலந்த வாசனை வீடு வரைக்கும் வரும். நான் வைக்கிற சாம்பாரில்கூட அது இருக்கிறது என்பாள் என் மனைவி பிரேமா. அவள் வைப்பதில் இருக்காதாம். எனக்குச் சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் செக்கிங் வேலை. வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்து ஓட்டை தேட வேண்டும். பேண்டேஜ் துணியே ஓட்டைகளால் ஆனதுதான். அதில் இருக்கக் கூடாத ஓட்டை எது என்று கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லித்தான் பிரேமாவை முதன்முதலாகச் சிரிக்க வைத்தேன்.

மொட்டை மாடியில் அவள் பழைய பெயின்ட் டப்பாக்களில் செடி வைத்திருந்தாள். வாடாமல்லி, கோழிக்கொண்டை, மஞ்சள் செவ்வந்தி, ஒரே ஒரு வெள்ளை ரோஜா. அங்கே நின்றால் மேற்கே மலை முழுசாகத் தெரியும். வயிற்றில் குழந்தையோடு அவள் வாளி தூக்கக் கூடாது என்று நான் தண்ணீர் ஊற்றுவேன். மாடிப்படியில் நின்றபடி, "வேருக்கு ஊத்துங்க, பூவக் குளிப்பாட்டாதீங்க" என்பாள்.

எட்டாம் மாதத்தில் குழந்தை பிறந்தது. பெண். அழவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து பிரேமாவை அவளுடைய அம்மா, அதாவது என் அத்தை, நேராக ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் ராஜபாளையத்துக்குத் திரும்பினேன். நாலாம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். கம்பெனியில் எல்லோரும் நல்ல மனிதர்கள். "வீட்ல எப்படி இருக்காங்க?" என்று தினமும் யாராவது ஒருவர் கேட்பார். "பரவால்ல" என்பேன். அது அவளைப் பற்றிய கேள்வி. என்னைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் பல் துலக்க உட்கார்ந்தால் பிரஷ் கையிலேயே இருக்கும், வெயில் வராந்தாவில் பாதி தூரம் வந்துவிடும். சமைப்பதை விட்டுவிட்டேன். ஓட்டலில் சாப்பிட்டால் யாராவது எதிரே வந்து உட்காருவார்கள் என்று பன்னும் வாழைப்பழமும் வாங்கி வந்து தின்றேன். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனால் உள்ளறைக் கதவு சாத்தியிருக்கும். "அவ படுத்திருக்கா மாப்ள. யாரையும் பாக்க மாட்டேங்கா. காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்பார்கள் அத்தை. குடித்துவிட்டு வருவேன்.

செடிகளை மறந்தே போனேன். ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனபோது ரோஜா சுள்ளியாக நின்றது. அவளுடைய ரோஜாவைக் கொன்றுவிட்டேனே என்று அந்தப் பெயின்ட் டப்பா பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அதுவரை நான் அழுதிருக்கவில்லை. குழந்தைக்கு அழாதவன் ரோஜாவுக்கு அழுகிறானே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. மற்ற மூன்றும் தலை தொங்கிப்போய்க் கிடந்தன. தண்ணீர் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். வேருக்கு.

மூன்று வாரத்தில் பூக்க ஆரம்பித்தன. அங்கேதான் சிக்கல். திங்கட்கிழமை ஒரு செவ்வந்தி பூத்தது, அவ்வளவு மஞ்சள். பிரேமா பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நான் போவது ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் அது சருகாகிவிடும். வாடாமல்லிக்குப் பிரச்சினை இல்லை, அது பேருக்கு ஏற்ற பூ. கோழிக்கொண்டையைத் தண்டோடு தலைகீழாகக் கொடியில் கட்டிவிட்டால் நிறம் நிற்கிறது என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். செவ்வந்திதான் மசியவில்லை. கம்பெனிக் கழிவுத் துணியில் சுற்றி வைத்துப் பார்த்தேன், இதழ் உதிர்ந்தது. புத்தகத்துக்குள் வைத்தால் அப்பளம்.

அப்போதுதான் படியிறங்கும்போது சிக்கந்தர் அண்ணன் கடை வாசலில் அந்தப் பொட்டலங்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். ஈரத்தை உறிஞ்சுவதுதானே எனக்கும் வேண்டும்! எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"அதத் திங்கக் கூடாது தம்பி" என்றார் பதறிப்போய். என் முகம் அப்போது அப்படி இருந்திருக்க வேண்டும்.

"திங்க இல்லண்ணே. பூ காய வைக்க."

கடைக்குள் போனார். பிறகு ஒரு ஷூ பெட்டியையும் எடுத்து, அதில் பொட்டலங்களை அள்ளிப் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து வாராவாரம் சேர்த்து வைத்துவிடுவார். எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டினால் ஜவ்வரிசி மாதிரி இருக்கும். அதற்குள் பூவை நிமிர்த்தி வைத்து, இதழுக்கு இதழ் மணிகளைத் தூவி மூடிவிட வேண்டும். நமத்துப்போனால் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்து எடுப்பேன். அந்த மாதங்களில் நான் அடுப்பு பற்ற வைத்தது அதற்காக மட்டும்தான். நாலைந்து நாளில் செவ்வந்தி நேற்றுப் பூத்தது போலவே வெளியே வந்தது.

தினம் ஒரு பூ. காம்பில் நூலால் ஒரு காகிதத் துண்டைக் கட்டி அதில் கிழமையை எழுதுவேன். வாரக் கடைசிப் பூக்கள் காய நாளாகும் என்பதால் ஒரு வாரப் பூக்கள் மொத்தமும் அடுத்த ஞாயிறுதான் போகும். ஆக அவளுக்குக் கிடைப்பது எப்போதும் முந்தின வாரம். எதிர் பஸ்ஸில் வருகிறவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாப் பெட்டியோடு வருவார்கள். நான் மடியில் செருப்புப் பெட்டியோடு போவேன். அத்தையிடம் கொடுத்தால், "வைக்கேன் மாப்ள" என்று உள்ளே கொண்டு போவார்கள். அவ்வளவுதான். பிரேமாவிடமிருந்து ஒரு சொல் வராது. ஏழெட்டு வாரம் அப்படித்தான் போனது. குப்பையில் போடுகிறார்களோ என்றுகூட நினைத்தேன். இருந்தாலும் கிழமை எழுதுவதற்காகக் காலையில் எழுந்துவிடுவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை எழுந்திருக்கவில்லை. குறிப்பாக எதுவும் நடக்கவில்லை. முழிப்பு வந்தது, எதற்கு என்று தோன்றியது, அப்படியே கிடந்தேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மாலையில் மாடிக்குப் போனபோது அன்றைய பூ வெயிலில் துவண்டிருந்தது. அதையே பறித்துப் பெட்டியில் வைத்தேன்.

அந்தப் பூ போய்ச் சேர்ந்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு, நான் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளறைக் கதவு திறந்தது. பிரேமா வந்து நின்றாள். மெலிந்து, தலை சீவாமல். நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்தச் செவ்வாக்கெழமைப் பூ ஏன் கறுத்துப் போச்சு?" என்றாள்.

நாலைந்து மாதம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. மழை, மறந்துவிட்டேன் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"அன்னைக்கு நான் எந்திரிக்கல" என்றேன்.

"வேலைக்கு?"

"போகல."

"காய்ச்சலா?"

"இல்ல."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"சாப்ட்டீங்களா?"

"இன்னைக்கா?"

"அன்னைக்கு."

டம்ளரைத் தரையில் வைத்தேன். அத்தை அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்கள். "நீங்க நல்லாத்தான் இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள் பிரேமா. அவள் என் பக்கத்தில் இருந்திருந்தால் என்று நானும் எத்தனையோ முறை நினைத்திருந்தேன். அன்றைக்கு இரண்டு பேரும் அழுதோம், அவ்வளவுதான்.

அவள் உடனே வந்துவிடவில்லை. கார்த்திகை, மார்கழி தாண்டி, தை மாதம் வந்தாள். அதற்குள் குழந்தை பிறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வந்த அன்றே மாடிக்குப் போய், "செவ்வந்திய இம்புட்டு நெருக்கியா வைப்பாக?" என்று திட்டிவிட்டுப் பிரித்து நட்டாள். மூன்று வருஷம் கழித்து எனக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது. டப்பாக்களை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். திருப்பூரில் மகள் பிறந்தாள். அவளுக்கும் இப்போது கல்யாணமாகிவிட்டது.

போன ஆவணியில் ஒரு விசேஷத்துக்காக ராஜபாளையம் போனோம். அந்தத் தெருவில் இறங்கி நடந்தோம். கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் வண்டிகள் நிறுத்தியிருந்தன. பக்கத்தில் விசாரித்தேன், சிக்கந்தர் அண்ணன் தவறி ஆறேழு வருஷம் ஆகிவிட்டதாம். எதிரே நாலு மாடி எழும்பி மலையையும் மறைத்திருந்தது. மாடி எந்த உயரத்தில் இருந்தது என்று அண்ணாந்து பார்த்தேன், பிடிபடவில்லை.

பிரேமா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எம்புட்டுப் பூ பூத்துச்சு இங்க! இந்த ஊர்ல நாம சந்தோஷமாத்தான இருந்தோம்?" என்றாள்.

அவள் நிஜமாகவே மறந்துவிட்டாளா, என்னை மறக்கச் சொல்கிறாளா என்று தெரியவில்லை. அந்த எட்டு மாதத்தைப் பார்த்தவர்கள் எங்களைத் தவிர இப்போது யாரும் இல்லை.

"ஆமா" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.